டோக்கியோ–கியோட்டோ: கிரீன் காருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

"ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், கியோட்டோவுக்கு ஷின்கான்செனில் கூட்டிப்போகிறேன். கிரீன் கார் போடட்டுமா, சாதாரணமே போதுமா?" டோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் செர்ரி பூக்கும் காலம் நெருங்கினால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கிரீன் கார் என்றால் இந்த அதிவேக ரயிலின் உயர்வகுப்புப் பெட்டி. "அடிக்கடியா வருகிறார்கள், கிரீனே போடு" என்பதுதான் வழக்கமான பதில். நானும் அப்படித்தான் போட்டேன். அடுத்த முறை, குறைந்த இடங்களில் மட்டும் நின்று வேகமாகப் போகும் நொசோமி வண்டியில் கிரீன் போடமாட்டேன்.

முதலில் கணக்கு. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமியில் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். முன்பதிவு செய்த சாதாரண டிக்கெட் சுமார் 14,000 யென், கிரீன் சுமார் 19,000. ஆளுக்கு ஐயாயிரம் கூடுதல். 285 கி.மீ. வேகம் எல்லாப் பெட்டிக்கும் பொது. காசு கூடக் கொடுத்தவர் முன்னதாகப் போய்ச் சேர்வதில்லை.

அந்த ஐயாயிரத்துக்கு இடம் கிடைக்கிறது. சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு 3+2, கிரீனில் 2+2. முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் உள்ள தூரம் அங்கே 104 செ.மீ., இங்கே 116. கால் வைத்துக்கொள்ளப் பலகை, படிக்கத் தனி விளக்கு, தரையில் கம்பளம். 2020-இல் ஓடத் தொடங்கிய என்700எஸ் வண்டியில் இன்னொன்றும் உண்டு. பெட்டி பக்கவாட்டில் ஆடும்போது அதை உணர்ந்து எதிர்த்திசையில் தள்ளி ஆட்டத்தை அடக்கும் கருவியைக் கிரீன் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் போகும்போது மேசைமேல் இருக்கிற காபியைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஆனால் சாதாரண வகுப்பை ஏதோ மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 104 செ.மீ. என்பதே தாராளம்தான். விமானத்தின் எகானமி வகுப்பில் முட்டி இடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இதுவே சொர்க்கம். என்700எஸ்-இல் ஒவ்வொரு இருக்கைக்கும் சார்ஜ் போட பிளக் இருக்கிறது. மூன்று பேர் வரிசையின் நடு இருக்கைகூட மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலம். நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு ஓர் ஆறுதல் பரிசு மாதிரி. அடியில் உள்ள மிதியை அழுத்தினால் இருக்கை வரிசை அப்படியே திரும்பும். பின்னால் இருப்பவர்களைப் பார்த்தபடி திருப்பிவிட்டால் ஐந்தாறு பேர் குடும்பம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே போகலாம்.

கிரீனில் நாம் காசு கொடுத்து வாங்குவது அமைதியை. சிக்கலும் அங்கேதான். எங்கள் பெட்டியில் பெரும்பாலும் கோட்டு போட்ட ஆட்கள். பாதிப்பேர் தூக்கம், மீதிப்பேர் லேப்டாப். அம்மா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். அலுமினியத் தாள் சரசரத்ததும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்காதபோதே, பாதியில் நிறுத்திவிட்டார். "அப்புறம் சாப்பிட்டுக்கலாம்பா." ரயிலில் சாப்பிடுவது ஜப்பானில் சகஜம், தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. டோக்கியோவை விட்டு முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி மலை வந்தது. "அதோ பாரு!" என்று கத்த வேண்டிய அப்பா என் முழங்கையைக் கிள்ளி, கிசுகிசுத்து, விரலால் காட்டினார். நான் திரும்புவதற்குள் பாதி மலை போயிருந்தது. ஆளுக்கு ஐயாயிரம் கூடக் கொடுத்துப் பெற்றவர்களை நூலகத்தில் உட்கார வைத்த மாதிரி ஆயிற்று.

திரும்பி வரும்போது கொடாமாவில் கிரீன் போட்டேன். அதே தண்டவாளம், அதே மாதிரி வண்டி, ஆனால் வழியில் உள்ள எல்லா நிலையத்திலும் நிற்கும். கியோட்டோவிலிருந்து டோக்கியோ வர மூன்றரை மணி நேரத்துக்கு மேல். 'புராட்டோ கொடாமா' என்று முன்கூட்டியே வாங்கும் சலுகை டிக்கெட் ஒன்று உண்டு. அதில் சிறிது கூடுதலாகக் கொடுத்தால் கிரீன் கிடைக்கும். பல நாட்களில் அந்த மொத்தத் தொகையே நொசோமியின் சாதாரண டிக்கெட்டைவிடக் குறைவு. ஒரே நிபந்தனை, குறித்த வண்டியில்தான் போக வேண்டும். தவறவிட்டால் அடுத்ததில் ஏற முடியாது.

கொடாமா சில நிலையங்களில் நாலைந்து நிமிடம் ஓரமாக ஒதுங்கி நிற்கும், பின்னால் வரும் நொசோமிக்கு வழிவிட. அது கடக்கும்போது நம் பெட்டி 'தப்' என்று ஒரு குலுங்கு குலுங்கும். அப்பாவுக்கு இது பிடித்துப்போய்விட்டது. காட்பாடியில் டீ குடிக்க இறங்குகிற பழக்கம் எங்கே போகும்? நின்ற இடத்தில் எல்லாம் பிளாட்ஃபாரத்தில் இறங்கிவிட்டார். "இந்த ஊர்ல வண்டி ஒரு செகண்ட் நிக்காதாம், ஏறுங்க!" என்று அம்மா சன்னல் வழியாகச் சைகை காட்டியபடி இருந்தார். பெட்டியில் ஆள் குறைவு. புளியோதரை ஹமமட்சு தாண்டுவதற்குள் தீர்ந்தது. ஃபூஜி அடிவாரத்தில் உள்ள ஷின்-ஃபூஜியிலும் கொடாமா நிற்கிறது. வேகம் குறைந்து நின்று மறுபடி கிளம்புவதால் மலை சாவகாசமாகவே நகர்ந்தது. நொசோமி அங்கே நிற்காமல் ஓடிவிடும்.

மலைப்பக்கத்து சன்னல் வேண்டுமானால் சாதாரண வகுப்பில் E, கிரீனில் D என்று கேட்டு வாங்குங்கள். டோக்கியோவிலிருந்து போகும்போது அது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம்.

கிரீனுக்கும் மேலான கிரான் கிளாஸ் வகுப்பைப் பற்றியும் கேட்பார்கள். அது இந்தத் தடத்தில் கிடையாது. வடக்கே 320 கி.மீ. வரை ஓடும் ஹயபுசா போன்ற வண்டிகளில் 2011-இல் வந்தது. ஒரு பெட்டிக்கு 18 பேர், வரிசைக்கு 2+1, தோல் இருக்கை, 130 செ.மீ. இடைவெளி. ஹயபுசாவில் பணிப்பெண் சிற்றுண்டியும் மதுவும் கொண்டுவந்து தருவார். அந்தச் சிற்றுண்டியையும் மதுவையும் சேர்த்துத்தான் விலை; மீன் சாறு படாத ஜப்பானியச் சமையலைத் தேடுகிற சைவக்காரர், அதுவும் குடிக்காதவர், யாருக்காகவோ காசு கட்டுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு அந்தத் தடத்தில் மொரியோக்கா நகருக்கு வடக்கே சுரங்கமோ சுரங்கம்.

நொசோமி கிரீன் யாருக்கு என்றால், பகல் முழுக்க ஒசாகாவில் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு இரவு தனியாகத் திரும்புகிறவருக்கு. அலுவலகம் காசு கொடுத்தால் யோசிக்கவே வேண்டாம். குழந்தைகளோடு போகிறவர்கள் சாதாரண வகுப்பில் ஏறி இருக்கையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களோடு, அவசரமில்லாமல் போவதென்றால் கொடாமா கிரீன்.

பெட்டி படுக்கை விஷயத்தில் மட்டும் கவனம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 செ.மீ.யைத் தாண்டினால் கடைசி வரிசைக்குப் பின்னால் உள்ள இடத்தோடு சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். ஊரிலிருந்து வருகிற பெரிய பெட்டிகளை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். நொசோமி கிரீனில் போன் வழியாக ஆர்டர் செய்தால் இருக்கைக்கு வரும், கொடாமாவில் அது இல்லை. கல் மாதிரி உறைந்த அந்தப் பிரபல ஐஸ்கிரீம் இப்போது பிளாட்ஃபாரத்து இயந்திரங்களில் கிடைக்கிறது. ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், கரண்டி இறங்கவே வெகுநேரம் ஆகும்.