சத்தத்திலேயே நிலைமை சொல்லும் கேமரா: நிக்கான் எஃப்எம்2

எனக்கு வேலை மின்தூக்கிப் பராமரிப்பு. என் பகல் பொழுதில் பாதி, சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் உச்சியில் இருக்கும் இயந்திர அறைகளில்தான் கழியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய மின்தூக்கிகளில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பலகைகள் இருந்தன. ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் டிக், டிக் என்று ஒரு ரிலே இழுக்கும், இன்னொன்று விடும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்தவர், காது கொடுத்துக் கேட்டே எந்த ரிலே தாமதிக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போது வரும் பலகைகளில் சின்னத் திரையில் ஒரு பிழை எண் தெரியும். கையேட்டைப் பார்த்துப் பாகத்தை மாற்றிவிட்டு வர வேண்டியதுதான். வேலை சுலபமாகிவிட்டது. ஆனால் அந்தக் காதுக்கு இப்போது வேலை இல்லை.

நிக்கான் எஃப்எம்2 பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 13 ஆண்டுகளாக இந்தப் பிலிம் கேமராவை வைத்திருக்கிறேன். இதைவிடக் கூர்மையாகப் படம் எடுக்கும் கேமராக்கள் உண்டு, அண்ணனிடமே ஒன்று இருக்கிறது. ஆனால் தன் நிலைமையைக் கைக்கும் காதுக்கும் இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் கேமராவை நான் வேறு பார்த்ததில்லை.

2012-ல் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் வாங்கினேன். சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம். பழைய கேமரா தேடுகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் அங்கே போய் நிற்பார்கள். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோடு சேர்த்து 420 வெள்ளி. கடைக்காரப் பெரியவர் விலையைச் சொல்வதற்கு முன்பு ஒரு காரியம் செய்தார். வேகச் சக்கரத்தை 1 நொடியில் வைத்து, கேமராவை என் காதருகே கொண்டுவந்து பொத்தானை அழுத்தினார். உள்ளே பல்சக்கரங்கள் ஒரே சீராக ர்ர்ர்ர் என்று ஓடி, டக் என்று முடிந்தது. நடுவில் திணறல் இல்லை, முடிவில் இழுவை இல்லை. அவர் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

எஃப்எம்2 வெளிவந்தது 1982-ல். 1/4000 நொடி ஷட்டர் வேகம், அதாவது பிலிமின் மீது ஒளி விழும் நேரம், அப்போது பெரிய சாதனை. மின்மோட்டார் எதுவும் இல்லாமல், சுருள்வில்லின் விசையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வேகத்தை எட்டினார்கள். அதற்காக ஷட்டர் தகடுகளை டைட்டானியத்தில் செய்து, கனம் இன்னும் குறையட்டும் என்று தேன்கூடு போன்ற வடிவத்தில் அரித்து மெலிதாக்கினார்கள். பின்மூடியைத் திறந்தால் அந்தத் தேன்கூட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1984-ல் சிறு திருத்தம் செய்தார்கள். ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கும் வேகம் 1/200-லிருந்து 1/250-க்கு உயர்ந்தது. அந்தப் பதிப்பின் தொடர் எண்ணுக்கு முன்னால் ஆங்கில ‘என்’ எழுத்து இருக்கும். 1989 முதல் தகடுகள் அலுமினியமாக மாறின. 2001 வரை தயாரிப்பு தொடர்ந்தது. என்னுடையது ‘என்’ எழுத்தும் தேன்கூடும் இரண்டும் உள்ளது.

1 நொடியிலிருந்து 1/4000 வரை எந்த வேகத்துக்கும் மின்சாரம் தேவையில்லை. எல்ஆர்44 பொத்தான் பேட்டரி இரண்டு போடுவது ஒளியை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். அந்த மீட்டரும் அதிகம் பேசாது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில் மூன்று சிவப்புக் குறிகள்: கூட்டல், வட்டம், கழித்தல். கூட்டல் எரிந்தால் ஒளி அதிகம், கழித்தல் எரிந்தால் குறைவு, வட்டம் மட்டும் எரிந்தால் சரி. சரியா தவறா என்று சொல்லும், முடிவை உங்களிடமே விட்டுவிடும். எனக்கு இது மிகவும் பிடித்த பண்பு.

கையில் எடுத்தால் உடல் மட்டும் 540 கிராம். பிலிமை நகர்த்தும் நெம்புகோலைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால்தான் ஷட்டர் வேலை செய்யும். உள்ளே தள்ளிவிட்டால் பூட்டிக்கொள்ளும். ஆக, பையில் கைவிட்டுத் தடவியே கேமரா தயாராக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். இதிலேயே எனக்கு ஒரு குறையும் உண்டு. நான் இடது கண்ணால் பார்க்கிற ஆள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோலின் முனை ஒவ்வொரு முறையும் என் நெற்றியில் இடிக்கும். வலது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது. கண்ணாடி போட்டவர்களுக்கு வியூஃபைண்டரின் மூலைகள் ஒரே பார்வையில் தெரியாது, கண்ணைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும். ஷட்டர் சத்தமும் பெரிது. அமைதியான திருமண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் அழுத்தினால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். நாதசுரமும் தவிலும் ஓங்கி ஒலிக்கும்போது ஒருவர் காதிலும் விழாது.

அந்த 1/4000 நம் ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிகூடத் தள்ளி இல்லை. மேகமில்லாத நண்பகலில் வெயில் தலைக்கு மேலே நிற்கும். நல்ல வெயிலில் லென்ஸின் திறப்பை எஃப்/16-ல் வைத்தால் (எண் கூடக்கூடத் திறப்பு சிறிது) பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணே, அதாவது ஒளியை அது எவ்வளவு உணரும் என்று காட்டும் எண்ணே, ஷட்டர் வேகம் என்பது பழைய விதி. ஐஎஸ்ஓ 400 பிலிம் என்றால் 1/500-ஐ ஒட்டி வரும். பின்னணி மங்கலாக வேண்டும் என்று எஃப்/5.6-க்குத் திறந்தால் மூன்று படி, ஒவ்வொரு படிக்கும் வேகம் இரட்டிப்பு, அதாவது நேராக 1/4000. வேகம் 1/1000-லேயே நின்றுவிடும் கேமராவில் எஃப்/11-ஐ விட்டு நகர முடியாது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பூக்கட்டும் அம்மாவைப் படம் எடுத்தால், பின்னால் இருக்கும் கடைப் பலகையின் தொலைபேசி எண்வரை துல்லியமாக வந்து அவர் முகத்தோடு போட்டி போடும். எஃப்எம்2-ல் அவர் கையும் மல்லிகைச் சரமும் மட்டும் தெளிவாக நிற்க, மற்றது பின்வாங்கிவிடும்.

இந்த ஊர் வெளிச்சத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டி விடியும், ஏழு மணியை ஒட்டி இருட்டும். நான்கு பருவம் உள்ள நாடுகளில் மாதத்துக்கு மாதம் வெளிச்சம் மாறும். இங்கே ஒரு முறை மனப்பாடம் செய்தால் போதும். என் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். காலை எட்டு மணிக்கு ஈரச்சந்தையின் உள்ளே இவ்வளவு, கடைகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் இவ்வளவு, மழை வரப்போகும் மதியத்தில் இவ்வளவு என்று எழுதி வைத்திருப்பேன். 2016 தைப்பூசத்துக்கு முந்தின இரவு அந்த நோட்டுதான் கைகொடுத்தது. பெருமாள் கோயில் வாசலில் நிற்கும்போது மீட்டர் விளக்கு எரியவில்லை. பேட்டரி செத்துவிட்டது, கையில் மாற்று இல்லை. ஐஎஸ்ஓ 400 பிலிமை 1600 என்று கணக்கு வைத்து, எஃப்/2, 1/60 என்று நிறுத்தி, டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடிகளோடு நடந்துகொண்டே எடுத்தேன். பிலிமைக் கழுவும்போது அதற்கேற்பக் கூடுதல் நேரம் கொடுத்தேன். 36-ல் 31 படம் நன்றாக வந்தன. பால்குடம் ஏந்திய ஒரு பாட்டியின் முகம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

இனி 2013-ல் நடந்தது. அதை எழுதாமல் இந்தக் கேமராவைப் பற்றிப் பேசினால் நேர்மையாக இருக்காது. அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. சிராங்கூன் சாலைக் கோயிலில், தாய்மாமன் மடியில் பிள்ளை, எதிரே ஆசாரி, இந்தப் பக்கம் கேமராவோடு நான். படம் எடுக்கும் பொறுப்பை அண்ணன் என்னிடம்தான் கொடுத்திருந்தார். குத்தும்போது அவள் முகம் கோணி, பிறகு வீறிட்டு, அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டது வரை எல்லாம் எடுத்தேன். எண்ணிக்கைக் கண்ணாடியில் 36 வந்தது. 37, 38. நெம்புகோல் தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. 40 ஆனபோது அடிவயிறு கலங்கியது. பின்மூடியைத் திறந்தால், பிலிமின் நாக்கு சுழலியில் மாட்டாமல் போட்ட இடத்திலேயே கிடந்தது. ஒரு படம்கூட இல்லை.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிதான், “பரவாயில்லை தம்பி, பிள்ளைக்கு நல்லபடியா முடிஞ்சுதே” என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.

ஆனால் கேமரா என்னிடம் சொல்லாமல் இல்லை. பிலிம் ஒழுங்காக மாட்டியிருந்தால், நெம்புகோலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் இருக்கும் பின்சுற்றுக் குமிழ் எதிர்த்திசையில் சுழலும். அன்று 40 முறையும் அது அசையாமல் நின்றது. நெம்புகோலில் பிலிமின் இழுவையும் இல்லை, காற்றில் கை வீசுவது போல் லேசாக இருந்தது. நான் பார்க்கவில்லை, கவனிக்கவில்லை. அன்றிலிருந்து பிலிம் போட்டதும் முதலில் பிலிமின் தளர்வைச் சுற்றி இறுக்குவேன், பிறகு முதல் இரண்டு இழுவைக்கும் குமிழ் மேலேயே கண் இருக்கும். இத்தனை ஆண்டுகளில் மறுபடி ஒரு ரோல் அப்படிப் போனதில்லை.

பராமரிப்பு பற்றி. நம் ஊர்ப் புழுக்கம்தான் இதற்கு முதல் எதிரி. வாங்கிய முதல் வருடம் துணி அலமாரியில் வைத்திருந்தேன். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்ய 60 வெள்ளி போனது. அப்புறம் ஈரம் உறிஞ்சும் மின்பெட்டி ஒன்று வாங்கி, 45 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். அதற்கும் பணம் ஒதுக்க முடியும் என்றால் மட்டும் பழைய கேமரா வாங்குங்கள். பின்மூடியைச் சுற்றி ஒளி புகாமல் காக்கும் பஞ்சு நாளடைவில் கறுப்புப் பிசினாகிவிடும். வெட்டிய புதுப் பஞ்சு மலிவாகக் கிடைக்கிறது, ஒரு சாயங்காலத்தில் நீங்களே மாற்றலாம்.

ஷட்டருக்கு என் வழி இது. மாதம் ஒரு முறை பிலிம் இல்லாமல் எல்லா வேகத்தையும் வரிசையாக ஓட்டிக் கேட்பேன். எண்ணெய் கெட்டியாகத் தொடங்கினால் முதலில் 1 நொடியில்தான் தெரியும். அந்த ர்ர்ர் முடிவில் சோர்ந்து இழுக்கும். 2019-ல் அப்படித்தான் கேட்டது. படங்களில் ஒரு குறையும் வருவதற்கு முன்பே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பிரித்துச் சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றி, வேகங்களை அளந்து கொடுத்தார். 140 வெள்ளி. திரும்பி வந்த அன்று 1 நொடியை நான்கு ஐந்து முறை அழுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். பின்மூடியைத் திறந்து ஷட்டர் தகடுகளில் கைரேகையோ எண்ணெய்ப் பசையோ வளைவோ இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் தகடு வளைந்த கேமராவை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பேட்டரிக் குழியில் பச்சைக் களிம்பு இருக்கக் கூடாது. லென்ஸ் தனியாக வாங்கினால் ஒன்று கவனம். 1977-க்கு முந்தைய, மாற்றி அமைக்கப்படாத நிக்கான் லென்ஸ்கள் இதில் பொருந்தாது. திறப்பை மாற்றும் அப்பர்ச்சர் வளையம் இல்லாத புதிய லென்ஸ்கள் மாட்டிக்கொள்ளும், ஆனால் மிகச் சிறிய திறப்பிலேயே நின்றுவிடும்.

செலவை மறைக்க விரும்பவில்லை. நான் தொடங்கியபோது ஏழு வெள்ளிக்கு வாங்கிய ரோல் இப்போது பதினேழு பதினெட்டு வெள்ளி. வண்ணப் பிலிமைக் கழுவி ஸ்கேன் செய்ய அதே அளவு ஆகும். கறுப்பு வெள்ளையை நானே கழுவிக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்ட்டர் என்ற பாதுகாப்பு அறையின் இரும்புக் கதவைச் சாத்தினால் கும்மிருட்டு, பிலிமைக் கழுவும் டப்பாவில் ஏற்ற அதைவிட நல்ல இடம் கிடையாது. குழாய்த் தண்ணீர்தான் இங்கே சூடு. 20 டிகிரிக்கு இறக்க ஐஸ்கட்டி போட வேண்டியிருக்கும். மாதத்துக்கு ஒரு ரோல் என்று வரையறுத்துக்கொண்டேன், எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

ஓடி விளையாடும் பிள்ளைகளையும் விளையாட்டுப் போட்டிகளையும் எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால் இது வேண்டாம், கையால் ஃபோகஸ் செய்வதற்குள் காட்சி போய்விடும். கையால் ஒன்றைச் சரியாகச் செய்யும்போது மனம் நிறைகிற ஆள் நீங்கள் என்றால், இன்றைய விலை கொடுத்தும் வாங்கலாம்.

காது குத்திக்கொண்ட பிள்ளை இப்போது உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், “சித்தப்பா, நான் போடட்டா?” என்று கேட்டு எச்பி5 கறுப்பு வெள்ளை ரோலைத் தானே மாட்டினாள். மூடியைச் சாத்தித் தளர்வை இறுக்கிவிட்டு நெம்புகோலை இழுத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் கண் நேராக இடப்பக்கக் குமிழுக்குப் போனது. “சுத்துது சித்தப்பா” என்றாள். இப்போது எண்ணிக்கைக் கண்ணாடியில் 19 நிற்கிறது. மீதியை அவள் தீபாவளிக்கு எடுக்கப்போகிறாள்.