சாய்ந்து நிற்கும் பக்கத்து வீட்டு மரம்: மாநகராட்சியா, கோட்டாட்சியரா, கோர்ட்டா?

தமிழ்நாட்டில் நம் மனையில் நிற்கும் ஆபத்தான மரத்தை வெட்டுவது பெரும்பாலும் சிக்கலில்லாத வேலை. கர்நாடகத்தில் 1976-லிருந்தே இருப்பது போல, வீட்டு மரத்துக்கும் அனுமதி கேட்கும் பொதுவான மரப் பாதுகாப்புச் சட்டம் நம் சமவெளி ஊர்களுக்கு இல்லை. விதிவிலக்குகள் உண்டு. சந்தனமென்றால் வனத்துறை. பனையென்றால், 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபடி, ஆட்சியர் அனுமதி. நீலகிரி, கொடைக்கானல் பக்கமென்றால் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். மற்றபடி மாமரம், வேம்பு, தென்னையெல்லாம் ஆளைக் கூப்பிட்டு, கயிறு கட்டி இறக்கிவிடலாம்.

மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது, ஆனால் சாய்ந்திருப்பது நம் கூரை மேல் என்றால்தான் தலைவலி. அவர் "அது எங்க தாத்தா வெச்ச மரம்" என்பார். அதற்கு மேல் பேச்சு நகராது. அப்போது நமக்கு இருக்கும் வழிகள் மூன்று.

பெரும்பாலானோர் முதலில் போவது மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோதான். சென்னை என்றால் 1913-க்கு ஒரு போன். மரம் தெருவோரத்தில் இருந்தால் இது சரியான இடம். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழு வரை கேட்க வேண்டியிருக்கும். அது அவர்கள் பாடு. கிளை மின்கம்பியில் உரசினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987; வந்து கம்பியைச் சுற்றியுள்ளதை மட்டும் கழித்துவிட்டுப் போவார்கள். ஆனால் தனியார் மனைக்குள் நிற்கும் மரமென்றால் வருகிற ஊழியர் வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பார், "ஓனர்கிட்ட சொல்லி வெட்டச் சொல்லுங்க" என்பார், புகார் முடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்தவர் காம்பவுண்டுக்குள் அரிவாளோடு நுழைய அவருக்கும் தயக்கம்தான். செலவில்லாத வழி என்பதைத் தவிர இதில் வேறு நன்மை எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும்: புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மனுவில் இணைக்க உதவும்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. கோட்டாட்சியர், அதாவது வருவாய்த் துறை ஆர்.டி.ஓ. (லைசென்ஸ் வாங்கப் போகும் ஆபீஸ் இல்லை.) பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-வது பிரிவு. அதில் மரம் என்றே தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்: அக்கம்பக்கத்தில் வசிப்பவர், தொழில் செய்பவர், அவ்வழியே போகிறவர் யாருக்காவது காயம் உண்டாகும்படி விழக்கூடிய நிலையில் ஒரு மரம் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடலாம். கோட்டாட்சியர் இங்கே உட்கோட்ட நிர்வாக நடுவர்.

நடைமுறை இப்படி. மனு கொடுத்தால் அது வட்டாட்சியர் வழியாக வருவாய் ஆய்வாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் போகும். அவர்கள் நேரில் பார்த்து அறிக்கை தருவார்கள். அறிக்கை சாதகமாக இருந்தால் நிபந்தனை உத்தரவு: இத்தனை நாளுக்குள் வெட்டு, இல்லையென்றால் வந்து காரணம் சொல். எதிர்த்தரப்பு மறுத்தால் விசாரணை. புதிய சட்டப்படி அதை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், காரணம் எழுதி 120 நாள் வரை நீட்டிக்கலாம். உடனடி ஆபத்து என்றால் விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் தடுப்பு உத்தரவு போட 161-வது பிரிவு இருக்கிறது. முறைப்படி போட்ட இந்த உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் முடியாது. பிரிவு வெறும் காகிதமல்ல. 1980-ல் ரத்லம் நகராட்சி வழக்கில், இதே 133-ன் கீழ் சாக்கடையைச் சரிசெய்யும்படி நகராட்சிக்கே பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆனால் மனு எழுதுகிற விதத்தில்தான் பாதி கெட்டுப்போகிறது. "இலை கொட்டுகிறது, தொட்டி அடைக்கிறது, பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை" என்று எழுதினால் இது அண்டைவீட்டுச் சண்டை என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். விழும் ஆபத்தை மட்டும் எழுதுங்கள். அடிமரத்தில் கரையான் புற்று, தூரில் குடை விரித்த காளான், தட்டினால் வெற்றொலி, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மழைக்குப் பின் மண் வெடித்து வேர் தூக்கியிருப்பது. கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள் இவைதான். ஒரே இடத்தில் நின்று, சில வார இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் சாய்வு கூடுவதைக் காட்டிவிடும். தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போவார்கள் என்றால் அதையும் சேருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபின், அக்டோபர் நெருங்கினால் அதிகாரிகளும் இதைக் கொஞ்சம் கவனமாகவே படிக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுவது நல்லது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தாலும் மனு கோட்டாட்சியருக்கு வந்து சேரும், பதிவு எண்ணோடு.

மூன்றாவது, உரிமையியல் வழக்கு. வக்கீல் கட்டணம், வாய்தா, வழக்கறிஞர் ஆணையர் வந்து பார்த்து அறிக்கை போடுவது. மரம் அதற்குள் தானாகவே விழுந்துவிடலாம். விழப்போகிற மரத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். வேர் புகுந்து சுவர் பிளந்துவிட்டது, நஷ்டஈடு வேண்டும் என்றால் மட்டும் இதுதான் வழி, ஏனென்றால் கோட்டாட்சியரால் மரத்தை அகற்றச் சொல்ல முடியும், பணம் வாங்கித் தர முடியாது. மரம் யார் எல்லைக்குள் என்பதிலேயே தகராறு என்றாலும் கடைசியில் இங்கேதான் வர வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை நில அளவைக்கு மனு போட்டு சர்வேயரை வரவழைத்துவிடுங்கள். பல வழக்குகள் அவருடைய அளவுச் சங்கிலியோடு முடிந்துவிடும்.

ஆக, தெரு மரத்துக்கு மாநகராட்சி, பக்கத்து மனை மரத்துக்குக் கோட்டாட்சியர், சேதத்துக்குக் கோர்ட். காற்றில் மரம் ஏற்கெனவே முறியத் தொடங்கிவிட்டதென்றால் மனுவெல்லாம் அப்புறம். 112-ஐ அழைத்துவிட்டு அந்தப் பக்க அறையைக் காலி செய்யுங்கள்.

இன்னொரு கேள்வியும் வரும்: உத்தரவு வந்தும் அவர் வெட்டவில்லையென்றால் செலவு யாருடையது? நடுவரான கோட்டாட்சியரே ஆள் வைத்து வெட்டலாம். அந்தச் செலவை, வெட்டிய மரத்தையே விற்று எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது.