சாயத் தண்ணீரால் தள்ளிப்போன ஸ்கேன்

இம்முறை கனடாவிலிருந்து இலங்கை மலையகத்திலுள்ள ஹட்டனுக்குச் சென்றபோது, அப்பாவின் இருதயப் பரிசோதனையை முடிக்காமல் திரும்புவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வீதிக்கு ஏறும் படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர், 'நோர்மல்' என்று எழுதிய பழைய எக்கோ (இருதய ஒலியலை ஸ்கேன்) ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் காட்டிவந்தார்.

கண்டியில் நாங்கள் பார்த்த இருதய வைத்தியர் அந்தத் தாளைத் தவறு என்று சொல்லவில்லை. இருதயக் குழாய் கணிசமாகச் சுருங்கியிருந்தாலும், அதற்கு அப்பாலுள்ள நுண்குழாய்கள் விரிந்துகொடுத்து, ஓய்வு நேரத்து இரத்த ஓட்டத்தைச் சமாளித்துவிடும் என்றும், அடினோசின் என்ற மருந்தைச் செலுத்தி அவற்றை முழுதாக விரித்து, ஓட்டத்தின் வேகம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று டொப்ளர் ஸ்கேனில் அளந்தால்தான் உண்மை தெரியும் என்றும் விளக்கினார்.

பரிசோதனைக்குப் பதிவு செய்த தனியார் நிலையத்தில், நான்கு மணித்தியாலம் சாப்பிடக் கூடாது என்று மட்டுமே சொன்னார்கள். விடியற்காலை வேனில் புறப்பட்டு, நாவலப்பிட்டியில் நிறுத்தியபோது அப்பா ஒரு கோப்பை சாயத் தண்ணீர், அதாவது பால் சேர்க்காத தேநீர், குடித்தார். கட்டிலில் படுத்த பிறகுதான் தாதி, "ஐயா, தேத்தண்ணி ஏதும் குடிச்சீங்களா?" என்று கேட்டார். தேயிலையிலுள்ள கஃபீன் அடினோசினைத் தடுத்துவிடுமாம். முதல் நாளிலிருந்தே தேநீர், கோப்பி, சொக்லேட் எதையும் தொட்டிருக்கக் கூடாதாம். வேன் கூலி வீணாகத் திரும்பினோம். தோட்டத்து மனிதரிடம் எதைக் கேட்க மறந்தாலும் இதைக் கேட்க மறக்கலாமா?

மூன்று நாள் கழித்து மறுபடியும் போனோம். அப்பாவை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, இருதயத்தின் முன்பக்கமாக இறங்கும் குழாயைத் தேடினார்கள். மார்புச் சுவருக்குக் கிட்டே ஓடுவதால் வெளியிலிருந்து ஓரளவு எளிதாகப் பிடிபடுவது அதுதான். ஆனாலும் சில மில்லிமீற்றர் அகலமே உள்ளதால் நீண்ட நேரம் பிடித்தது. திரையில் ஒரு சிறு மேடும், அதையடுத்து ஒரு பெரிய மேடும் மாறிமாறி ஓடின. இருதயம் சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துவிடுவதால், தளரும்போதுதான் அதற்கு அதிக இரத்தம் கிடைக்கிறது. பெரிய மேடு அதைத்தான் காட்டுகிறது. மருந்து ஏறியதும் அப்பாவின் முகம் சிவந்தது. "நெஞ்ச அமுக்குதுங்க" என்றார். மருந்தை நிறுத்தியதும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிட்டார்.

செக்கனுக்கு 24 சென்ரிமீற்றராக இருந்த வேகம் 41 வரைதான் ஏறியிருந்தது. அது 1.7 மடங்கு, இரண்டுக்குக் குறைந்தால் குறைவாகவே கொள்வார்களாம். நுண்குழாய் நோயிலும் இந்த எண் குறையலாம் என்பதால், இருதயக் குழாய்களைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் செய்து பார்க்கும்படி அரச வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார்கள்.

வெளியே வரும்போது, தேநீர் பற்றிய அறிவுறுத்தலைப் பதிவுத் தாளில் சேர்க்கும்படி கேட்டேன். அங்கிருந்த பெண் உடனே பேனாவால் சிங்களத்தில் எழுதினார். அதன் கீழே தமிழில் நான் எழுதிக் கொடுத்தேன். அஞ்சியோகிராமுக்குக் கிடைத்த திகதி என் விடுமுறை முடிந்த பிறகு வருவதால், தம்பிதான் அப்பாவை அழைத்துச் செல்லவிருக்கிறான்.