ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச்: தினமும் கட்டினால் எப்படி இருக்கும்?

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 1957-இல் கார் பந்தயக்காரர்களுக்காக வந்தது. 1965-இல் நாசா சோதித்துத் தேர்ந்தெடுத்தது. 1969-இல் விண்வெளி வீரர் ஆல்ட்ரின் கையோடு நிலாவுக்கும் போனது. இங்கே பேசப்போவது 2021-இல் வந்த, காலிபர் 3861 என்ற இயந்திரம் உள்ள 42 மி.மீ. மாடலை நெடுநாள் கட்டிப் பழகினால் என்ன தெரியவரும் என்பதைப் பற்றி.

இது கையால் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். முழுச் சாவிக்கு 50 மணி நேரம் ஓடும். ஆனாலும் தினமும் காலையில் ஒரே நேரத்தில் கொடுப்பதுதான் நல்லது. ஸ்பிரிங் ஏறக்குறைய ஒரே இறுக்கத்தில் இருந்தால் நேரமும் சீராக இருக்கும். விரலுக்குத் தெளிவாகத் தடை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்கவே கூடாது. ஒமேகா சொல்லும் கணக்குப்படி நாளுக்கு 0 முதல் 5 நொடி வரை முந்தி ஓடலாம். முந்தைய மாடலின் 1861 இயந்திரத்தில் சாவியை வெளியே இழுத்தாலும் நொடிமுள் ஓடிக்கொண்டே இருக்கும், 3861-இல் நின்றுவிடும். நொடி சுத்தமாக நேரம் வைக்க இது பெரிய உதவி. காந்த விஷயத்திலும் அப்படித்தான். 3861, காந்தப்புலத்தை 15,000 காஸ் (அதன் அலகு) வரை தாங்கும். 1861 திடீரென்று வேகமாக ஓட ஆரம்பித்தால் முதலில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் நீக்குவது சில நொடி வேலை. அதற்காகச் சர்வீஸுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

க்ரோனோகிராஃபை, அதாவது வாட்சில் உள்ள ஸ்டாப்வாட்சை, ஓட்டும்போது அதன் நீளமான நடு முள் லேசாகத் துள்ளிக் கிளம்பும். அதை இயந்திரத்தோடு இணைப்பது பக்கவாட்டில் வந்து பல்லோடு பல் சேரும் கிளட்ச் என்பதால் அது இயல்பு, பழுது அல்ல. அதே காரணத்தால் அழகுக்காக நாள் முழுக்க ஓடவிடாதீர்கள். நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு குறையும், தேய்மானமும் கூடும். ரீசெட் செய்ததும் முள் சரியாக 12-இல் நிற்காமல் ஒவ்வொரு முறையும் தள்ளி நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அது ரிப்பேருக்குப் போக வேண்டிய வாட்ச்.

50 மீட்டர் என்று போட்டிருக்கிறதே என்று நீச்சலுக்குக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மழையும் கை கழுவுவதும் பரவாயில்லை. ஈரத்தில் பட்டன்களை அழுத்தவே கூடாது. நம்மூர் வெயிலில் வாட்சுக்கு உண்மையான எதிரி வியர்வை. பட்டனைச் சுற்றி உப்பு உறைந்தால் அழுத்தம் கரகரப்பாகும். மாலையில் ஈரத்துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் பட்டன் ஓரங்களைத் தேய்த்தால் அந்தத் தொல்லை வராது. தோல் ஸ்ட்ராப் கோடையில் சீக்கிரம் நாறிவிடும், 20 மி.மீ. நைலான் ஸ்ட்ராப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

கண்ணாடி ஹெசலைட் (ஒருவகைப் பிளாஸ்டிக்), சஃபையர் என இரண்டு வகையில் வரும். எங்கள் ஓட்டு ஹெசலைட்டுக்கே. சஃபையரின் ஓரத்தில் பால்நிற வளையம் தெரியும். ஹெசலைட்டில் டயல் இதமாகத் தெரியும். கீறல் விழும், உண்மைதான். ஆனால் நீங்களே போக்கிவிடலாம். கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் மேல் டேப் ஒட்டுங்கள். அதன் கறுப்பு வளையத்தில் பாலிஷ் படக்கூடாது. பாலிவாட்ச் பேஸ்ட் ஒரு துளி வைத்து, பருத்தித் துணியால் கீறலுக்குக் குறுக்கே இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துத் துடையுங்கள். போகவில்லை என்றால் இன்னொரு முறை. நகம் சிக்குகிற ஆழமான கீறல் இதற்கு அடங்காது. கண்ணாடியை மாற்றுவதே வழி. மாற்றிய பிறகு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒமேகாவின் சொந்த ஹெசலைட்டில் நட்ட நடுவே, முட்களின் அச்சுக்கு நேர் மேலே, கண்ணுக்குத் தட்டுப்படாத அளவில் ஒமேகா சின்னம் இருக்கும். அது இல்லையென்றால் கேள்வி கேளுங்கள்.

பழைய மாடல் தேடுபவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகச் சந்தேகிக்க வேண்டும். 2021-இல் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் 2915-1 என்ற முதல் ஸ்பீட்மாஸ்டர் மாடல் ஒன்று, 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. அது வெவ்வேறு வாட்சுகளின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று 2023-இல் ஒமேகாவே சொன்னது. 1960-களின் வாட்ச் என்றால் பெசலில் உள்ள வேக அளவுகோலில் 90 என்ற எண்ணுக்கு நேர் மேலே புள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் தள்ளியிருந்தால் பெசல் பின்னால் மாற்றியது. ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளான லக்குகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் யாரோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள். போன உலோகம் திரும்ப வராது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, “கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் மாற்ற வேண்டாம், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்” என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.