11 வருஷம், 2 டெர்ம் பாலிசி, ஒரு ‘இல்லை’

2014 பிப்ரவரியில் எடுத்த என் முதல் டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கிற ஆயுள் காப்பீடு) பற்றி 2018-ல் யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் 5 ஸ்டார் போட்டிருப்பேன். 25 லட்சம் கவர், வருஷத்துக்கு 7,200 ரூபாய். குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் ஷூவும் வாங்குகிற செலவுதான். பணம் கட்டினால் ரசீது வந்தது, பிறந்தநாளுக்கு வாழ்த்து எஸ்எம்எஸ் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நமக்கு வேறென்ன வேலை? அது எப்படிப்பட்ட பொருள் என்பது ஏதாவது நடக்கும்போதுதான் தெரியும். எனக்கு 2021-ல் தெரிந்தது, அதுவும் நான் உயிரோடு இருக்கும்போதே. கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. ஏஜெண்ட் பெயரும்தான். அவரை இன்றும் கோத்தகிரி மார்க்கெட்டில் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

எனக்கு ஒன்றரை ஏக்கர் டீ தோட்டம். கூடவே ஒரு ஃபேக்டரியில் இலை எடை போடுகிற வேலை. பாலிசி எடுத்தபோது வயது 37, உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. ஃபார்மில் எழுதியதெல்லாம் உண்மை. 2016-ல் காலில் ஒரு புண் ஆறாமல் இருக்க, கோயம்புத்தூரில் காட்டியபோது சுகர் என்றார்கள். மெட்ஃபார்மின் ஆரம்பித்தது. இதைக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா என்று அப்போதே ஏஜெண்டைக் கேட்டேன். பாலிசி எடுத்த பிறகு வருகிற நோய்க்கு அது தேவையில்லை என்றார். அது சரியான பதில்தான்.

தப்பு நடந்தது 2019-ல். பச்சைத் தேயிலை கிலோவுக்கு 12 ரூபாய்கூடத் தேறாத சமயம். பறிப்புக் கூலி, உரம் போக மிச்சம் ஒன்றுமில்லை. பிப்ரவரி பிரீமியத்தைக் கட்டவில்லை. வருஷக் கட்டணத்துக்கு 30 நாள் கூடுதல் அவகாசம் உண்டு, அதுவும் போனது. பாலிசி லேப்ஸ், அதாவது காலாவதி. வீட்டில் சொல்லவில்லை.

அந்த ஆகஸ்டில் நீலகிரியில் பெய்த மழை இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல். என் மாமனார் வீடு எமரால்டு பக்கம். மண் சரிந்து பாதை அடைபட்டு, 2 நாள் கழித்து அங்கே போய்ச் சேர்ந்தபோதுதான், ‘நமக்கு ஏதாவது ஆனால்’ என்ற நினைப்பு வந்தது. செப்டம்பரில் ஏஜெண்டைக் கூப்பிட்டேன். லேப்ஸான பாலிசியைப் புதுப்பிக்க நிலுவையும் வட்டியும் கட்டினால் மட்டும் போதாது. ‘நான் ஆரோக்கியமாக இருக்கிறேன்’ என்று ஒரு ஹெல்த் டிக்ளரேஷனும் கொடுக்க வேண்டும். ஃபார்ம் முழுக்க ஆங்கிலம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரே நிரப்பினார். என் சம்சாரம் அவருக்கு ஒரு டம்ளர் டீயும் எனக்குச் சர்க்கரை போடாத டீயும் கொண்டுவந்து வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் கடகடவென்று எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று டிக் அடித்தார்.

“சுகர் இருக்குதுங்களே?” என்றேன்.

“அதப் போட்டா மெடிக்கல் டெஸ்ட்டுன்னு கோயம்புத்தூர் இறங்கச் சொல்லுவாங்கண்ணா. பழைய பாலிசிதானுங்ளே, ஒண்ணும் ஆகாது.”

கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான் போட்டேன். அப்படிப் போட்டால் ‘இவருக்கு அவருடைய மொழியில் விளக்கிச் சொன்னேன்’ என்று நிரப்பியவர் கீழே தனியாக ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவரும் போட்டார். இந்த இரண்டு கையெழுத்தும் பின்னால் என்ன பாடு படுத்தின என்று சொல்கிறேன்.

2021 ஜனவரி. கொரோனாவைப் பார்த்த பயத்தில், அதே கம்பெனியில் இன்னொரு 25 லட்சம் எடுக்கலாம் என்று ஆன்லைனில் விண்ணப்பித்தேன். இந்த முறை நடுவில் ஏஜெண்ட் இல்லை. ‘சர்க்கரை நோய் உண்டா? எப்போதிலிருந்து?’ என்ற கேள்விக்கு ‘ஆம், 2016’ என்று உண்மையை எழுதினேன். பழைய மருத்துவ ரிப்போர்ட் கேட்டார்கள், அனுப்பினேன். புதுப் பாலிசி கிடைக்கவில்லை. மார்ச்சில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. ஜூனில் இன்னொரு கடிதம்: 2019-ல் உண்மையை வேண்டுமென்றே மறைத்ததால் புதுப்பித்தல் ரத்து, பாலிசி 2019 பிப்ரவரியிலேயே லேப்ஸானதாகக் கருதப்படும், மோசடி என்பதால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது. பொய் சொன்னபோது ரசீது கொடுத்தவர்கள், உண்மையைச் சொன்னதும் நோட்டீஸ் கொடுத்தார்கள். அன்றைக்கு இருந்த கோபத்தில் அப்படித்தான் தோன்றியது.

கோபம் தணிந்த பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1938-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தில் 45-ஆம் பிரிவு. 2015 திருத்தத்துக்குப் பிறகு அதன் சாரம் இது: ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை 3 வருஷம் கழிந்த பிறகு எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது, மோசடி என்றாலும் முடியாது. என் பாலிசிக்குத்தான் 7 வருஷம் ஆகிவிட்டதே என்று துள்ளினேன். அடுத்த வரியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த 3 வருஷத்தைப் பாலிசி கொடுத்த தேதி, ரிஸ்க் தொடங்கிய தேதி, புதுப்பித்த தேதி, ரைடர் (பாலிசியோடு சேர்க்கிற கூடுதல் கவர்) சேர்த்த தேதி, இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து எண்ண வேண்டும். 2014-ல் எடுத்த பாலிசிக்கு 2017-லேயே கிடைத்திருந்த பாதுகாப்பை, 2019-ல் ஒரு தவணையை விட்டதால் நானே திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். நோட்டீஸ் வந்தபோது புதுப்பித்து 18 மாதம்தான் ஆகியிருந்தது. இந்த ஒரு விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. இங்கே கொழுந்து விலை இறங்குகிற வருஷமெல்லாம் பாலிசி லேப்ஸாகிற வீடுகள் எத்தனையோ. எல்லோரும் பிறகு ‘சேர்த்துக் கட்டிக்கலாம்’ என்றே நினைக்கிறோம், நான் நினைத்த மாதிரி.

அதே பிரிவில் எனக்குச் சாதகமாகவும் சில இருந்தன. மோசடி வேறு, மறைத்தல் வேறு. 3 வருஷத்துக்குள் மறைத்தல் என்று மட்டும் சொல்லி ரத்து செய்தால், வாங்கிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மோசடி என்றால்தான் கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் என் 3 வருஷப் பணம், 21,600 ரூபாய், மாட்டிக்கொண்டிருந்தது. பாலிசியைப் பேசி முடிக்கிறவர் கம்பெனியின் ஏஜெண்டாகவே கருதப்படுவார் என்றும் அங்கே ஒரு விளக்கம் இருக்கிறது. சர்க்கரையில்லாத டீயைப் பார்த்தவர் கம்பெனியின் ஆள்தானே?

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். அச்சடித்த மாதிரி ஒரு பதில் வந்தது. கம்பெனிக்கு ஒரு மாதம் அவகாசம். அதற்குள் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால், ஒரு வருஷத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மேன்) போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க முடியாது. அப்போது 30 லட்சம் வரையான புகார்தான் எடுப்பார்கள், 2023-ல் அதை 50 லட்சமாக்கினார்கள். மலையிலிருந்து சென்னை வரை போக வேண்டுமே என்று மலைத்தேன். விசாரணை வீடியோ காலிலேயே நடந்தது. வீட்டில் சிக்னல் நிற்காது என்று ஃபேக்டரி ஆபீஸில் உட்கார்ந்து பேசினேன், பின்னால் ரோலர் சத்தம்.

கம்பெனி தரப்பில் வந்தவர் தயாராக வந்திருந்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னதை எடுத்து வைத்தார். நானும் விடவில்லை. முதுகெலும்புத் தேய்மானத்தை மறைத்தவர் மாரடைப்பில் இறந்தபோது, சாவுக்குக் காரணமாகாத, உயிருக்கு ஆபத்தில்லாத நோய் அது என்று சொல்லி 2015-ல் அதே நீதிமன்றம் கிளைம் கொடுக்கச் சொன்னதைச் சொன்னேன். அவர் அமைதியாக என் 2019 ஜூலை ரிப்போர்ட்டைக் காட்டினார். ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சுகர் அளவு, 9.6. இந்த அளவு தெரிந்திருந்தால் எங்கள் விதிப்படி புதுப்பித்திருக்கவே மாட்டோம், முதுகுவலியும் இதுவும் ஒன்றில்லை என்றார். நான் அனுப்பிய ரிப்போர்ட்தான் அது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. விளக்கிச் சொன்னேன் என்று ஏஜெண்ட் போட்ட கையெழுத்தும் எனக்கு எதிராகவே திரும்பியது: விளக்கிய பிறகுதானே ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?

ஆனால் மோசடி என்பது நிற்கவில்லை. ‘டெஸ்ட்டெல்லாம் வேணாங்ண்ணா, நான் பாத்துக்கறேன்’ என்று அதே வாரம் ஏஜெண்ட் அனுப்பிய வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ் தேதியோடு போனில் இருந்தது. அதைவிட எடுபட்டது இன்னொன்று. ஏமாற்ற நினைக்கிறவன் அதே கம்பெனிக்குத் தானாகவே சுகர் என்று எழுதிக்கொடுப்பானா? 2022 ஜனவரியில் உத்தரவு வந்தது. ரத்து செல்லும், மோசடி இல்லை, 3 பிரீமியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். லேட் வட்டி என்று வாங்கிய சில நூறு ரூபாய் வரவில்லை. அதற்கு நான் மல்லுக்கட்டவில்லை, ஆனால் மறக்கவுமில்லை. 2014 முதல் 2018 வரை கட்டியதைப் பற்றி வருத்தமில்லை. அந்த 5 வருஷமும் அவர்கள் ரிஸ்க்கைச் சுமந்தார்கள், கணக்குச் சரி.

ஏஜெண்ட் மேல் புகார் கொடுக்கச் சொல்லி நண்பர்கள் சொன்னார்கள். கொடுக்கவில்லை. டிக் அடித்தது அவர் கை, கையெழுத்து என்னுடையது. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்ததால்தான் கேட்டேன். கோயம்புத்தூர் இறங்க அலுப்புப்பட்டவன் நான்தான்.

இப்போது இரண்டாவது பாலிசி, வேறு கம்பெனி, 2022 மே. வயது 45. இதற்குள் சுகரை 7.1-க்குக் கொண்டுவந்திருந்தேன். இங்கேயும் மெடிக்கல் டெஸ்ட்டுக்குக் கோயம்புத்தூர்தான் இறங்க வேண்டியிருந்தது. வெறும் வயிற்றில் முதல் பஸ் பிடித்து, மேட்டுப்பாளையம் வரை வளைவு வளைவாகச் சுற்றி இறங்கிப் பாருங்கள், அதுவே தனி டெஸ்ட். பிறகு தமிழில் ஒரு போன். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். அப்பா எத்தனை வயதில் எதனால் இறந்தார் என்றுகூடக் கேட்டார்கள். 25 லட்சத்துக்கு 11,900 ஆக வேண்டிய பிரீமியம், சுகருக்கு 50 சதவீத லோடிங் (நோய்க்கான கூடுதல் கட்டணம்) சேர்ந்து 17,850 ஆனது. பழைய பாலிசியைவிட இரண்டரை மடங்கு. கசப்புத்தான். ஆனால் 2019-லேயே ‘ஆம்’ என்று எழுதி, சுகரைக் குறைத்துக்கொண்டு போயிருந்தால் இதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும்.

பாலிசி பத்திரத்தோடு நம் விண்ணப்பத்தின் நகலும் வரும். பெரும்பாலோர் பீரோவில் வைத்துவிடுவார்கள். இந்த முறை நான் ராத்திரி உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். அப்பா 58 வயதில் மாரடைப்பில் போனார் என்று போனில் தெளிவாகச் சொல்லியும், ‘இயற்கை மரணம்’ என்று இருந்தது. மறுநாளே ஈமெயில் அனுப்பித் திருத்தக் கடிதம் வாங்கிப் பத்திரத்தோடு வைத்தேன். பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கவும் அவகாசம் உண்டு, இப்போது அது 30 நாள். அந்த நாட்களுக்குள் படிக்க வேண்டிய ஒரே காகிதம் இந்த நகல்தான் என்பேன்.

கையில் கொஞ்சம்தான் பணம், உடம்பிலும் நோய் என்கிறவர்களுக்கு: பேங்க் கணக்கு வழியாகப் பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா இருக்கிறது. வருஷத்துக்கு 436 ரூபாய், 2 லட்சம் கவர், 50 வயதுக்குள் சேரலாம், டெஸ்ட் இல்லை. சேர்ந்த முதல் 30 நாளில் விபத்துச் சாவுக்கு மட்டும் கிடைக்கும். 25 லட்சத்துக்கு இது ஈடாகாது. பாலிசி இல்லாமல் இருந்த அந்த ஒரு வருஷத்தில் என் குடும்பத்துக்கு இருந்தது இது மட்டும்தான்.

இந்த மே மாதத்தோடு, அதாவது 2025-ல், புதுப் பாலிசிக்கு 3 வருஷம் முடிந்தது. அன்றைக்கு நாமினியை உட்கார வைத்துக் கோப்பைக் காட்டினேன்: பத்திரம், விண்ணப்ப நகல், திருத்தக் கடிதம், அந்தப் போன் பதிவு கேட்டு வாங்கிய தேதி. பழைய பாலிசி லேப்ஸானதை மறைத்த கதையையும் அன்றுதான் முழுசாகச் சொன்னேன். திட்டு விழுந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. இதுவரை 18 சதவீத வரியோடு 21,063 கட்டினேன். அடுத்த மே மாதம் வெறும் 17,850. கொழுந்து விலை என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும். அந்தத் தொகையைத் தோட்டக் கணக்கிலிருந்து பிரித்து, சம்சாரம் பெயரில் இருக்கிற போஸ்ட் ஆபீஸ் கணக்கில் போன வாரமே போட்டுவிட்டேன். பாஸ்புக்கை அவள் என்னிடம் கொடுப்பதில்லை.