முதல் ஞாயிறு மட்டும் உடையும் பேக்கப்: மைஎஸ்கியூஎல் டம்ப்புடன் மூன்று வருடம்

ஒரு ஜவுளி மொத்தக் கடையின் பில்லிங் சர்வரை மூன்று வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்), மைஎஸ்கியூஎல் (பில் தரவு இருக்கும் டேட்டாபேஸ்), ஒரே தரவை இரண்டிலும் வைக்கும்படி இரண்டு ஹார்டு டிஸ்க்கைக் கோத்த மென்பொருள் ரெய்டு. இரவு 2 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் நிரல்) டம்ப்பை, அதாவது டேட்டாபேஸை முழுசாக வெளியே எடுக்கும் கட்டளையை, ஓட்டும்; வருவதை ஜிஸிப் என்ற நிரல் சுருக்கி வைக்கும். ஒரே வரி ஸ்கிரிப்ட். முதல் எட்டு மாதம் அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை கணக்கர் பழைய ரசீதுகளைத் தெரியாமல் அழித்துவிட்டு, "தம்பி, நேத்து பேக்கப்புல இருக்கும்ல?" என்றார். "இருக்கும்ண்ணே" என்று தெம்பாகச் சொல்லிவிட்டுத் திறந்தால், வழக்கமாக 3 ஜிபி வரும் கோப்பு 1.1 ஜிபிதான். ரசீது டேபிள் பாதியில் நிற்கிறது. சனிக்கிழமைக் கோப்பு முழுசாக இருந்ததால் மானம் தப்பியது.

லாகில் என்னவோ 'வெற்றி' என்றே இருந்தது. ஒன்று தருவதை அடுத்தது வாங்கும்படி பைப்பில் இரண்டு கட்டளையைக் கோத்தால், கடைசியில் இருப்பதன் எக்ஸிட் கோடைத்தான் (பூஜ்ஜியம் என்றால் வெற்றி) கட்டளைகளை ஓட்டும் ஷெல் கணக்கில் எடுக்கும். டம்ப் நடுவில் செத்தாலும், வந்தவரை சுருக்கிவிட்டு ஜிஸிப் பூஜ்ஜியம் சொல்லிவிடும். பாஷ் ஷெல்லில், கோத்தவற்றில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் என்ற செட்டிங் இதற்காகவே இருக்கிறது. (2017 ஜனவரியில், நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப்பிலும் டம்ப் சத்தமில்லாமல்தான் தோற்றுக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மெயில்கள் போய்ச் சேரவே இல்லை. தரவு அழிந்த பிறகுதான் தேடினார்கள்.)

பைப்ஃபெயில் போட்டு, எரரைத் தனிக் கோப்புக்குத் திருப்பினேன். கையால் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக முடியும். எரிச்சல்! அப்புறம் ஒரு ஞாயிறு எரர் 2013, சர்வர் தொடர்பு அறுந்தது என்று. அடுத்த மாதம் மறுபடியும். காலண்டரில் வட்டம் போட்டபோதுதான் உறைத்தது: முகூர்த்தம் குறித்ததுபோல எல்லாமே மாதத்தின் முதல் ஞாயிறு.

அடுத்த முதல் ஞாயிறு விழித்திருந்தேன். 2:10-க்கு ரெய்டின் நிலையைப் பார்த்தால், 'செக்' 31 சதவீதம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. டெபியனும் உபுண்டுவும் முதல் ஞாயிறு அதிகாலை ஒரு மணி வாக்கில் தாமாகவே இரண்டு டிஸ்க்கையும் முழுக்கப் படித்து ஒப்பிடத் தொடங்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நேரம் டிஸ்க் திணறும். ஜிஸிப் எழுத முடியாமல் நிற்கும், அதனால் டம்ப்பும் வாங்க முடியாமல் நிற்கும். கொடுப்பதை யாரும் வாங்கவில்லையே என்று மைஎஸ்கியூஎல் 60 விநாடியில் தொடர்பை வெட்டிவிடும். நெட் ரைட் டைம்அவுட் என்ற செட்டிங்கின் இயல்பு மதிப்பு அது.

அதை 600 ஆக்கி, பேக்கப்பைக் கடை மூடியபின் 10:30-க்கு நகர்த்தினேன். கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருந்தால் மட்டுமே கோப்புக்கு உண்மையான பெயர் கிடைக்கும். அதுவரை 'பார்ட்' என்றுதான் கிடக்கும்.

டம்ப்பை விட்டு வேறு பேக்கப் முறைக்கு இன்னும் மாறவில்லை. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு முறையான இன்னோடிபியில் இருக்கும் டேபிள்களுக்கு சிங்கிள் டிரான்சாக்‌ஷன் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் பூட்டாமல் எடுத்துவிடுகிறது, யாராவது இருந்து பில் போட்டாலும் தடையில்லை. குறை, திரும்ப ஏற்றுவதில்தான்: எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

அதன்பின் ஒரே ஒரு தோல்வி. மென்பொருள் கொடுத்தவர்கள் இரவோடு இரவாக டேபிள் அமைப்பை மாற்றியதால் எரர் 1412. இந்த முறை 10:52-க்கே என் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. அவர்கள் வேலை முடியும்வரை காத்திருந்து, மறுபடி ஓட்டிவிட்டுப் படுத்தேன்.