கோய் குளத்துக்குப் பஞ்சுப் பெட்டியா, பீட் ஃபில்டரா?

கோய் என்னும் வண்ண மீன்கள் வளரும் என் குளத்தின் தண்ணீரைச் சுத்தம் செய்ய, நான்கு ஆண்டுகள் பஞ்சுப் பெட்டியோடு (பஞ்சுகள் அடுக்கிய திறந்த வடிகட்டி) மல்லுக்கட்டிவிட்டு, சென்ற ஆண்டுதான் பீட் ஃபில்டருக்கு (bead filter, மணி வடிகட்டி) மாறினேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தண்ணீர் தெளிவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. பஞ்சுப் பெட்டி மலிவு, சிறிய மோட்டாரே போதும். பீட் ஃபில்டர் மூடிய கலம். உள்ளே நெருக்கமாகக் கிடக்கும் பிளாஸ்டிக் மணிகளின் ஊடே தண்ணீரைத் தள்ள அழுத்தம் வேண்டும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். இதுவரை பஞ்சுக்கே வெற்றி.

கழுவும் நாளில்தான் கணக்கு மாறுகிறது. ஃபில்டரில் சிக்கிய கழிவு குளத்தை விட்டுப் போய்விடவில்லை. மீன் நீந்தும் அதே தண்ணீர் அந்தச் சேற்றின் வழியே திரும்பத் திரும்ப ஓடுகிறது. அது அழுகினால் ஆக்சிஜன் குறையும், அமோனியா கூடும். பஞ்சுப் பெட்டியில் சேற்றை வெளியேற்றுவது முக்கால் மணி நேர வேலை. நாறும் பஞ்சுகளை ஒவ்வொன்றாக உருவி, குளத்து நீரை வாளியில் எடுத்து, பிழிந்து பிழிந்து அலச வேண்டும். வாரந்தோறும் என்று தொடங்கியது எனக்கு மாதம் ஒருமுறை என்றாகிவிட்டது.

ஒருநாள் அவசரத்தில் எல்லாப் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவி மாட்டினேன். அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பஞ்சில் படியும் வழவழப்பில்தான் குடியிருக்கிறது, குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொல்லும் என்பதெல்லாம் தெரியும். சோம்பல்தான், வேறென்ன. மூன்றாம் நாள், மஞ்சளாக இருக்க வேண்டிய அமோனியா சோதனைக் குப்பி பச்சையாக மாறியது. மீன்கள் தீனிக்கு எழும்பாமல் அடியில் ஒடுங்கிக் கிடந்தன. தீனியை நிறுத்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி, பாக்டீரியா மீண்டும் குடியேற ஐந்து வாரம் ஆனது.

பீட் ஃபில்டரில் மோட்டாரை நிறுத்தி வால்வைத் திருப்புகிறேன். (ஓடும்போது திருப்பினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கெடும்.) காற்று ஊதி சில நிமிடம் மணிகளைக் குலுக்க, ஒட்டிய சேறு உதிர்கிறது. மறுபடி மோட்டாரைப் போட்டால் குளத்து நீரே அதை அடித்துக்கொண்டு வடிகாலுக்குப் போய்விடும். பத்து நிமிடம், கை நனையாது. குழாய்த் தண்ணீர் மணிகளைத் தொடுவதே இல்லை. இந்த ஓராண்டில் ஒரு வாரம்கூட தவறவில்லை. என்னைப் போன்ற சோம்பேறிக்கு இது சாதனை.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் தண்ணீர் கணிசமாக வெளியேறுகிறது. ஈடுகட்டும் குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் நீக்கி போட்டே ஆக வேண்டும். மின்சாரம் பல மணி நேரம் நின்றால் மூடிய கலத்துக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட நீரை முதலில் வடிகாலுக்கு விட்டுவிட்டுத்தான் குளத்துப் பக்கம் திருப்ப வேண்டும். திறந்த பஞ்சுப் பெட்டியில் இந்தக் கவலை குறைவு.

தானே கழுவிக்கொள்ளும் டிரம் ஃபில்டர் (சுழலும் வலை உருளை) இரண்டையும் மிஞ்சும் என்கிறார்கள். நண்பர் ஒருவரின் குளத்தில் பார்த்ததோடு சரி, வைத்துப் பழகியதில்லை. குட்டி மீன்கள் நாலைந்து மட்டும் உள்ள சிறு தொட்டி என்றால் பஞ்சே போதும். ஆனால் கோய் இரண்டடிக்கு மேலும் வளரும் மீன்.